அமெரிக்காவுல இன்டீரியர் டிசைன் பண்ண ஸ்டேட் லைசன்ஸ் வேணுமா, எவ்ளோ செலவாகும்?

உங்க கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சேன். சென்னையில பி.ஆர்க் முடிச்சு அஞ்சு வருஷம் இன்டீரியர் வேலை பாத்திருக்கீங்க, இப்ப கணவர் வேலைக்காக டெக்சஸ்ல டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோ வந்துருக்கீங்க, ஹெச்4 விசா (ஹெச்1பி வேலை விசாவுல இருக்கிறவங்க குடும்பத்துக்கு குடுக்கறது), தெரிஞ்சவங்க வீட்டுக்கு டிசைன் பண்ணித் தரச் சொல்லி கேக்குறாங்க, ஸ்டேட் லைசன்ஸ் இல்லாம பண்ணா ஃபைன் போடுவாங்களா, லைசன்ஸ் ஃபீஸ் எவ்ளோ, நாளைக்கு கலிஃபோர்னியா போனா அந்த லைசன்ஸ் செல்லுமா, இதான் கேள்வி. கேட்டது லைசன்ஸ் பத்தி, ஆனா உள்ள இருக்கிற பயம் வேறன்னு எனக்கு தோணுது. "நான் தெரியாம ஏதாவது சட்டத்த மீறிடுவேனோ"ங்கிறது தான் அது. அதனால ஃபீஸ் கணக்க கொஞ்சம் தள்ளி வச்சுட்டு முதல்ல அந்த பயத்துக்கு பதில் சொல்லிடறேன்.

நான் 2010-ல ஃப்ளோரிடாவுல டாம்பா வந்தேன், 2021-ல இருந்து டெக்சஸ்ல ஆஸ்டின்ல இருக்கேன், ரெண்டு ஸ்டேட்லயும் இதே தொழில் தான். வக்கீல் இல்ல, விசா பத்தி எனக்கு தெரிஞ்சது எல்லாருக்கும் தெரிஞ்ச அளவு தான், அத மனசுல வச்சுட்டு படிங்க.

டெக்சஸ்ல வீடுகளுக்கு இன்டீரியர் டிசைன் பண்ண ஸ்டேட் லைசன்ஸ் எதுவும் வேணாம். இது உறுதி. "இன்டீரியர் டிசைனர்"னு விசிட்டிங் கார்டுல போட்டுக்கலாம், இன்ஸ்டாகிராம்ல போட்டுக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. முன்னாடி அந்த பேரக்கூட ஸ்டேட் போர்டுல (இந்தப் பதிவ பாத்துக்கற அரசு அமைப்பு) பதிவு பண்ணவங்க மட்டும் தான் போட்டுக்கணும்னு இருந்துச்சு, சில டிசைனர்ஸ் கேஸ் போட்டு, 2009-ல ஃபெடரல் அப்பீல் கோர்ட் அவங்க பக்கம் சாஞ்சதுக்கு அப்புறம் சட்டத்த மாத்தி, இப்ப "ரிஜிஸ்டர்டு இன்டீரியர் டிசைனர்"ங்கிற முழுப் பேருக்கு மட்டும் தான் பாதுகாப்பு. அதாவது அந்த "ரிஜிஸ்டர்டு"ங்கிற ஒரு வார்த்தைக்கு தான் இங்க ஸ்டேட் லைசன்ஸ்.

ஆனா உங்க கேஸ்ல உண்மையான ஆபத்து இன்டீரியர்ங்கிற வார்த்தையில இல்ல, நீங்க படிச்ச படிப்புல இருக்கு. பி.ஆர்க் முடிச்சிருக்கீங்க, ஊர்ல கவுன்சில் ஆஃப் ஆர்கிடெக்சர்ல பதிவு பண்ணி பேருக்கு முன்னாடி ஆர்கிடெக்ட்னு போட்டு பழக்கம் இருக்கும், அதே பழக்கத்துல இங்க பயோவுல "ஆர்கிடெக்ட் அண்ட் இன்டீரியர் டிசைனர்"னு போட்டா அங்க தான் மாட்டுவீங்க. டெக்சஸ் சட்டத்துல ஆர்கிடெக்ட், ஆர்கிடெக்சர், ஆர்கிடெக்சுரல் மூணு வார்த்தையும் இங்க பதிவு இல்லாதவங்க தன் வேலைய சொல்ல பயன்படுத்தக் கூடாது. "இன்டீரியர் ஆர்கிடெக்ட்"னு போட்டாலும் அதே கதை தான். ஒரு மீறலுக்கு 5,000 டாலர் வரைக்கும் போர்டு அபராதம் போடலாம். உடனே எல்லாரையும் போடறாங்கன்னு சொல்லல, பெரும்பாலும் முதல்ல ஒரு லெட்டர் வரும், மாத்திட்டா முடிஞ்சுடும், ஆனா அந்த லெட்டர் வாங்கின தமிழ்ப் பொண்ணு ஒருத்தர எனக்கு தெரியும், ரெண்டு வாரம் தூங்கல. பட்டம் வாங்கினத சொல்றதுல தப்பில்ல, "பி.ஆர்க், சென்னை"ன்னு படிப்பு வரியில போடுங்க, தொழில் பேரா போடாதீங்க. நம்ம ஊர்லயும் இதே மாதிரி தானே, 1972 ஆர்கிடெக்ட்ஸ் சட்டப்படி பதிவு இல்லாம அந்தப் பேர யாரும் போட்டுக்க முடியாது, ஆனா வேலை யார் வேணா பண்ணலாம், 2020-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு. அமெரிக்காவுல ஆர்கிடெக்டுக்கு பேரு மட்டுமில்ல, வேலையும் சேத்து பூட்டு.

இப்ப "ஸ்டேட் லைசன்ஸ்"னு எல்லாரும் ஒரே வார்த்தையில சொல்றதுக்குள்ள ரெண்டு வேற வேற சமாச்சாரம் இருக்கு. ஒண்ணு பேருக்கு மட்டும் காவல் போடற சட்டம், இன்னொண்ணு வேலைக்கே காவல் போடற சட்டம். பேருக்கு காவல் போட்ட முதல் ஸ்டேட் அலபாமா, 1982-ல. 2001-ல வேலைக்கே காவல் போட்டாங்க, 2007-ல அந்த ஸ்டேட் சுப்ரீம் கோர்ட்டே அது செல்லாதுன்னுடுச்சு. இன்னைக்கு வேலைக்கே லைசன்ஸ் கேக்கற இடம்னு லூசியானா, நெவாடா, வாஷிங்டன் டிசி மாதிரி விரல் விட்டு எண்ணற அளவு தான், அங்க போறதா இருந்தா முதல்ல அந்த போர்டோட விலக்குகள் பட்டியல படிச்சுட்டு தான் அடுத்த வேலை. மத்த ஸ்டேட்ல பாதிக்கு பேருக்கு மட்டும் சட்டம், மீதிக்கு சட்டமே இல்ல.

ஃப்ளோரிடா கதைய நான் கண்ணால பாத்தவ, அதனால கொஞ்சம் சொல்றேன். நான் வந்தப்ப அங்க வீட்டு வேலைக்கு லைசன்ஸ் வேணாம், ஆனா ஆபீஸ், கிளினிக், ஹோட்டல்னு கமர்ஷியல் எதுக்கும் லைசன்ஸ் கட்டாயம். 2012-ல எங்க அபார்ட்மென்ட்ல இருந்த ஒரு டாக்டரம்மா புதுசா பல் கிளினிக் போட்டாங்க, என் வீட்ட பாத்துட்டு நீயே பண்ணுன்னாங்க, டிராயிங் எல்லாம் போட்டு வச்சேன், கடைசியில ஒரு லைசன்ஸ் உள்ளவர்கிட்ட குடுத்துட்டு அவருக்கு கீழ சம்பளத்துக்கு வேலை பாத்தேன். கடுப்பா இருந்துச்சு, பொய் சொல்லல. 2011-ல இந்த லைசன்ஸ எடுத்துடலாம்னு சட்டசபையில பேச்சு வந்தப்ப, எடுத்தா வருஷத்துக்கு 88,000 பேர் சாவாங்கன்னு எங்க தொழில்காரங்களே ஒருத்தர் கமிட்டியில போய் சொன்னது பேப்பர்ல எல்லாம் வந்து ஊரே சிரிச்சது. ஆஸ்பத்திரியில தப்பான துணி போட்டா கிருமி பரவும்ங்கிறதுல இருந்து இழுத்த கணக்கு. அப்ப தப்பிச்ச அந்த சட்டம் 2020 ஜூலை 1-ல இருந்து போயிடுச்சு, இப்ப விருப்பம் இருந்தா பதிவு பண்ணிக்கலாம், கட்டாயம் இல்ல.

அப்படின்னா பதிவு எதுக்கு, சும்மா அலங்காரத்துக்கான்னு கேப்பீங்க. இல்ல. பதிவோட உயிர் டிராயிங்ல குத்தற சீல்ல இருக்கு. கமர்ஷியல் இடத்துல சுவர் எடுக்கறது, கதவு மாத்தறது, சீலிங் மாத்தறதுன்னு எது பண்ணாலும் சிட்டியில பர்மிட் வாங்கணும், பர்மிட்டுக்கு போற டிராயிங்ல பொறுப்பேத்துக்கிற ஒருத்தரோட முத்திரைய கேக்கற இடங்கள் நிறைய. ஃப்ளோரிடாவுல புது சட்டத்துலயும் பதிவு பண்ண டிசைனர் தன் சீல்லயே டிராயிங் குடுக்கலாம், நார்த் கரோலினா 2021-ல அதே மாதிரி சட்டம் கொண்டு வந்தாங்க. டெக்சஸ்ல ஒவ்வொரு சிட்டியோட பில்டிங் டிபார்ட்மென்ட் என்ன ஏத்துக்குதுன்னு கேட்டு தெரிஞ்சுக்கறது தான் நடைமுறை, ஒரு சிட்டியில சரின்னதுக்கு பக்கத்து சிட்டியில ஆர்கிடெக்ட் சீல் கொண்டு வாம்பாங்க. உங்களுக்கு சீல் இல்லன்னா ஒவ்வொரு தடவையும் ஒரு ஆர்கிடெக்ட் பின்னாடி போய் நிக்கணும், அவரும் சும்மா குத்த மாட்டார், தன் மேற்பார்வையில நடக்காத வேலைக்கு சீல் குத்தறது அவர் லைசன்ஸுக்கே ஆபத்து.

நீங்க வீடு மட்டும் தான் பண்ணப் போறீங்கன்னா மேல சொன்ன பாராவ மறந்துடுங்க. கிச்சன் கேபினெட், கலர், ஃபர்னிச்சர், திரைச்சீலை, பூஜை ரூம் (ஃப்ரிஸ்கோவுல இந்த ஒண்ணுக்கே வருஷம் பூரா வேலை இருக்குன்னு கேள்வி), இதுக்கெல்லாம் சீல் கேக்கறவன் யாரும் இல்ல. சுவர் இடிச்சாலும் பர்மிட் கான்ட்ராக்டர் பேர்ல போகும், பாரம் தாங்கற சுவரா இருந்தா இன்ஜினியர கூப்பிடணும்.

இப்ப ஃபீஸ். இங்க தான் எல்லாரும் தப்பா கணக்கு போடறாங்க. சுண்டக்கா கால் பணம் சுமகூலி முக்கால் பணம்பாங்களே, அதே தான். டெக்சஸ்ல போர்டுக்கு வருஷா வருஷம் கட்டற ரினியூவல் இருநூறு டாலர கூட தொடாது, பெரும்பாலான ஸ்டேட்ல சில நூறுக்குள்ள அடங்கிடும், அப்பப்ப மாத்துவாங்க, அதனால கட்டற அன்னைக்கு டெக்சஸ் போர்ட் ஆஃப் ஆர்கிடெக்சுரல் எக்ஸாமினர்ஸ் சைட்ல பாத்துக்கோங்க. சுமகூலி எங்கன்னா பரீட்சையில. என்சிஐடிக்யூன்னு இன்டீரியர் டிசைனர்களுக்கான ஒரு பரீட்சை, 1974-ல இருந்து இருக்கு, இத பாஸ் பண்ணாம அனேகமா எந்த ஸ்டேட்லயும் பதிவு கிடையாது. மூணு பகுதி. முதல் பகுதி அடிப்படை, படிப்போட கடைசி வருஷத்துலயே எழுதலாம். ரெண்டாவது தொழில் முறை, கான்ட்ராக்ட், பில்டிங் கோட் (கட்டட விதிகள்) எல்லாம். மூணாவது பிராக்டிகம், பிளான குடுத்து இதுல எத எங்க வைப்பேன்னு கேக்கறது. சமீப வருஷங்கள்ல நான் பாத்த கட்டணம், முதல் பகுதிக்கு அப்ளிகேஷன் 95, பரீட்சை 295, அடுத்த ரெண்டுக்கும் சேத்து அப்ளிகேஷன் 225, பரீட்சை 350, 425. கூட்டினா 1,390 டாலர். ஏறியிருக்கலாம், குறைய வாய்ப்பில்ல. ஒரு பகுதி போச்சுன்னா அதுக்கு மட்டும் திரும்ப கட்டணும், நான் பிராக்டிகம் ரெண்டாவது தடவ தான் பாஸ், 2016-ல.

பணத்த விட பெரிய கூலி நேரம். முதல் பகுதிய எழுதிட்டு அடுத்த ரெண்டுக்கு போகணும்னா அனுபவ மணிநேரம் காட்டணும். இன்டீரியர் டிசைன்ல டிகிரி இருக்கிறவங்களுக்கு 3,520 மணி, இங்க அங்கீகாரம் வாங்காத ஆர்கிடெக்சர் டிகிரிக்கு அத விட அதிகம். நம்ம பி.ஆர்க் ரெண்டாவது வகையில தான் விழும். முழு நேர வேலைன்னாலும் சில வருஷம் ஆகும். மார்க் ஷீட்ட இங்க இருக்கிற மதிப்பீட்டு ஏஜென்சிக்கு அனுப்பி அமெரிக்க கிரெடிட் கணக்குல மாத்தி வாங்கணும், அதுக்கு தனி பணம், யுனிவர்சிட்டியில இருந்து சீல் வச்ச கவர் வரவைக்கறதுக்கு ஊர்ல யாராவது ஒருத்தர் அலையணும், இத இப்பவே ஆரம்பிச்சுடுங்க. சென்னையில பாத்த அஞ்சு வருஷத்த கணக்குல சேக்கறதுக்கு உங்க மேல இருந்தவர் யாரு, அவர் தகுதி என்ன, அவர் எழுதிக் குடுப்பாரான்னு கேள்வி வரும், அப்ளிகேஷன் பணம் கட்டறதுக்கு முன்னாடியே பரீட்சைய நடத்தற கவுன்சிலுக்கு மெயில் போட்டு, உங்க டிகிரிக்கு எத்தன மணின்னும் கேட்டு, எழுத்துல பதில் வாங்கிடுங்க. பரீட்சை பாஸ் ஆனாலும் ஸ்டேட் போர்டு உங்க டிகிரிய தனியா ஒரு தடவ பாக்கும். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு ஏமாந்தவங்க உண்டு.

அந்த பரீட்சையில என்னடா இருக்குன்னு தோணும். கலர் காம்பினேஷன்லாம் ரொம்ப கம்மி. தீ பிடிச்சா திரைச்சீலை எப்படி எரியும், வெளிய போற வழியில எந்த தர வால் கவரிங் ஒட்டலாம், வீல்சேர் திரும்ப 60 இஞ்ச் வட்டம் இருக்கான்னு போகும். எனக்கு இதோட அருமை புரிஞ்சது பரீட்சை ஹால்ல இல்ல. 2022-ல ஆஸ்டின் பக்கத்துல ஒரு ஸ்ட்ரிப் மால்ல டியூஷன் சென்டர் ஒண்ணு பண்ணேன். டெக்சஸ்ல கமர்ஷியல் வேலை 50,000 டாலர தொட்டா டிடிஎல்ஆர்னு ஒரு ஸ்டேட் டிபார்ட்மென்ட்ல பதிவு பண்ணி, மாற்றுத்திறனாளிகளுக்கான விதிப்படி டிராயிங்க பாக்க குடுத்து, முடிஞ்சப்புறம் இன்ஸ்பெக்ஷனும் வாங்கணும். ரிசப்ஷன் கவுன்டர்ல ஒரு பகுதி 36 இஞ்ச் உயரத்துக்கு மேல போகக் கூடாது, அந்த பகுதி 36 இஞ்ச் நீளமாவது இருக்கணும், என் டிராயிங்ல சரியா தான் இருந்துச்சு. மரவேலை பண்ற மில்வொர்க் கடைக்காரன், செய்யறதுக்கு முன்னாடி சரிபாக்க அனுப்பின ஷாப் டிராயிங்ல முழு கவுன்டரும் ஒரே மட்டமா 42, நான் லேமினேட் நம்பர பாத்தேன், உயரத்த பாக்கல, ஓகேன்னு கையெழுத்து போட்டு அனுப்பிட்டேன். இன்ஸ்பெக்டர் வந்தாரு, ஒண்ணும் பேசல, இடுப்புல இருந்து டேப்ப உருவி கவுன்டர் மேல வச்சாரு, குனிஞ்சு படிச்சாரு, எழுதிக்கிட்டாரு. கல்லு போட்ட கவுன்டர், அறுத்து இறக்கி திரும்ப போட்டோம், பணம் என் கையில இருந்து போச்சு. அன்னைக்கு ராத்திரி தான் ப்ரொஃபஷனல் லயபிலிட்டி இன்சூரன்ஸ் (தொழில்ல பண்ற தப்புக்கான காப்பீடு) பாலிசிய முதல் தடவையா முழுசா படிச்சேன்.

பதிவு ஆனதும் செலவு நிக்காது, டெக்சஸ்ல வருஷத்துக்கு 12 மணி நேரம் தொடர் கல்வி காட்டணும், அதுல ஒரு மணி இந்த மாற்றுத்திறனாளி வசதி விஷயத்துக்குனே ஒதுக்கணும். மதிய சாப்பாடு போட்டு டைல்ஸ் கம்பெனிக்காரங்க நடத்தற வகுப்புலயே பாதி மணி தேறிடும், அது பெரிய கஷ்டமில்ல.

கலிஃபோர்னியா போனா செல்லுமான்னா, டெக்சஸ் பதிவு தானா செல்லாது, எந்த ஸ்டேட் பதிவும் அடுத்த ஸ்டேட்ல தானா செல்லாது. என்சிஐடிக்யூ பாஸ் பண்ணது மட்டும் கூடவே வரும், அத காட்டி புது ஸ்டேட்ல விண்ணப்பிக்கணும். ஆனா கலிஃபோர்னியா தனி ரகம். அங்க ஸ்டேட் போர்டே கிடையாது, சட்டம் அங்கீகரிச்ச ஒரு தனியார் லாப நோக்கமில்லா அமைப்பு "சர்டிஃபைடு இன்டீரியர் டிசைனர்"னு சர்டிஃபிகேட் குடுக்குது, அதுக்கு ஐடெக்ஸ்னு அவங்க சொந்த பரீட்சைய எழுதணும். கட்டாயம் இல்ல, வீட்டு டிசைனுக்கு அங்கயும் லைசன்ஸ் வேணாம். அங்க கண்ணி வேற இடத்துல இருக்கு. கிளையன்ட் கிட்ட மொத்த பணத்த நீங்க வாங்கி, டைல்ஸ் ஒட்டறவர், பெயின்டர் எல்லாரையும் நீங்களே வச்சு வேலை முடிச்சுக் குடுத்தா அது டிசைன் இல்ல, கான்ட்ராக்ட் வேலை. கூலியும் பொருளும் சேத்து 1,000 டாலர தொட்டாலே கலிஃபோர்னியாவுல பெரும்பாலும் கான்ட்ராக்டர் லைசன்ஸ் வேணும், 2025-க்கு முன்னாடி அது 500-ஆ இருந்துச்சு. நம்ம ஊர்ல டர்ன்கீன்னு எல்லாத்தையும் நம்மளே எடுத்து செஞ்ச பழக்கம் இருக்கிறதால தமிழ்க்காரங்க நிறைய பேர் இதுல கால வைக்கறாங்க. டெக்சஸ்ல பொதுவான கான்ட்ராக்டர் லைசன்ஸ்னு ஸ்டேட் அளவுல இல்ல, ஆனா எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசிக்காரர் மூணு பேரும் லைசன்ஸ் உள்ளவங்களா இருக்கணும், தெரிஞ்ச பையன வச்சு லைட் பாயின்ட் இழுக்கறது வேணாம்.

தொழில் நடத்தற செலவையும் சேத்துக்கோங்க, நிறைய பேர் இதத்தான் "ஸ்டேட் ஃபீஸ்"னு நினைச்சு கேக்கறாங்க. டெக்சஸ்ல எல்எல்சின்னு சொல்ற சின்ன கம்பெனி பதிய 300 டாலர், ஒரு தடவ. ஃப்ளோரிடாவுல பதிய 125, அப்புறம் வருஷா வருஷம் 138 டாலர் 75 சென்ட். கலிஃபோர்னியாவுல வருமானம் வந்தாலும் வரலன்னாலும் வருஷத்துக்கு 800 டாலர் வரி. சோஃபா, லைட் எல்லாம் டிசைனர் விலைக்கு வாங்கி கிளையன்டுக்கு வித்தா சேல்ஸ் டாக்ஸ் பர்மிட் வேணும், டெக்சஸ்ல அதுக்கு காசு இல்ல, ஆனா 6.25 சதவீதம் ஸ்டேட் வரி, உள்ளூர் சேந்தா 8.25 வரைக்கும் கிளையன்ட் கிட்ட வாங்கி கட்டணும். டிசைன் ஃபீஸ தனி பில்லா போடறதா, பொருளோட சேத்து போடறதாங்கிறத பொறுத்து வரி மாறும், அத மட்டும் ஒரு சிபிஏ (இங்கத்த ஆடிட்டர்) கிட்ட ஒரு மணி நேரம் காசு குடுத்து கேட்டுடுங்க.

கடைசியா, உங்க கேள்வியில ஓரமா இருந்த ஹெச்4. ஈஏடி, அதாவது வேலை பாக்கற அனுமதி கார்டு, கையில இருக்கான்னு நீங்க எழுதல. 2015 மே மாசத்துல இருந்து, கணவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காக கம்பெனி போடற மனு) அப்ரூவ் ஆகியிருந்தா ஹெச்4 மனைவி ஈஏடிக்கு விண்ணப்பிக்கலாம், கார்டு வந்தா சொந்தமா தொழிலும் பண்ணலாம். கார்டு இல்லாம தெரிஞ்சவங்க வீடு தானேன்னு ஐநூறு டாலர் வாங்கினாலும் அது அனுமதி இல்லாத வேலை. லைசன்ஸ் இல்லாம போனா பெரும்பாலும் ஒரு லெட்டர், ஒரு அபராதம், இங்க போறது கிரீன் கார்டு. அதனால கார்டு இல்லன்னா ஒரு இமிக்ரேஷன் வக்கீல கேக்காம ஒரு பில் கூட போடாதீங்க, அந்த நேரத்துல மார்க் ஷீட் மதிப்பீட்டையும் முதல் பகுதி பரீட்சைக்கான தகுதியையும் பாத்து முடிச்சுடுங்க, படிக்கறதுக்கு யார் அனுமதியும் வேணாம். கார்டு இருந்தா ஃப்ரிஸ்கோ, பிளேனோ பக்கம் கமர்ஷியல் பண்ற ஒரு ஆபீஸ்ல சேந்து அந்த அனுபவ மணிநேரத்த ஓட்டுங்க, வீட்டு வேலைய வாரக்கடைசியில வச்சுக்கோங்க, ஆபீஸ் ஒத்துக்கிட்டா. அதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரியே பயோவுல இருக்கிற அந்த ஆர்கிடெக்ட எடுத்துடுங்க, லிங்க்டுஇன்லயும் பாருங்க, அங்க தான் எல்லாரும் மறப்பாங்க.